ஆலை பாதி, ஆள் பாதி

அரைத்தானியங்கி ஷாட்கன் ஒன்றைச் சுடுபவரின் உடம்புக்கும் வேலைக்கும் பொருந்தத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்றைய பொருள்.

அதற்குரிய உவமை இந்த விழிஞ்ஞத்திலேயே கல்லில் இருக்கிறது. ஊரின் குடைவரைக் கோயிலின் புறச்சுவரில் சிவனும் பார்வதியும் பாதி செதுக்கிய நிலையிலேயே நிற்கிறார்கள். ஆலையிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் துப்பாக்கியும் அப்படிப்பட்ட பாதிச் சிற்பம்தான். குழலையும் எஃகையும் ஆலை முடித்துவிடுகிறது. தோளுக்கும் கன்னத்துக்கும் கண்ணுக்கும் உரிய மீதிப் பாதி முடியாமல் கிடக்கிறது. அதை முடிப்பது வாங்குபவரின் உடம்பு. ஆள் பாதி, ஆடை பாதி என்பது ஊர்ப் பேச்சு. துப்பாக்கியில் அது ஆலை பாதி, ஆள் பாதி.

முதலில், ஷாட்கன் என்பது எது? ரைஃபிளின் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு. அதிலிருந்து ஒரே ஒரு குண்டு சுழன்று போகும். ஷாட்கன்னின் குழல் உள்ளே வழவழப்பானது. அதன் தோட்டாவில் ஈய ரவைகள் நிறைந்திருக்கும். போட்டிக்குரிய 24 கிராம் தோட்டாவில் ஏறத்தாழ 300 ரவைகள். அவை ஒரு கூட்டமாகப் பறந்து, போகப்போக விரியும். 12 போர் என்ற பெயருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே குழலின் உள்விட்டம்: சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக வார்த்தால் 20 போர்: சுமார் 15.6 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. இன்றைய பொருள் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ரைஃபிளில் முன்குறி ஒன்று, பின்குறி ஒன்று. இரண்டையும் இலக்கோடு சேர்த்துப் பார்த்துச் சுடுவார்கள். ஷாட்கன்னில் முனையில் ஒரு சிறு மணி மட்டும் உண்டு. பின்குறி கிடையாது. அப்படியானால் பின்குறி எது? சுடுபவரின் கண்தான் பின்குறி. ரைஃபிளில் பின்குறியைத் திருகாணியால் நகர்த்தலாம். ஷாட்கன்னில் கண்ணை நகர்த்த முடியுமா? முடியாது. கட்டையைத்தான் நகர்த்த வேண்டும். அளவு பார்ப்பது ஆடம்பரமல்ல, குறியின் ஒரு பகுதி என்பது இதனால்தான்.

அடுத்து, அரைத்தானியங்கி என்பது எது? வழக்கில் செமி ஆட்டோ எனப்படுவது இதுவே. ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா மட்டும் வெடிக்கும். வெடித்த வேகத்திலேயே வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் அதைச் சுட விசையை மறுபடி இழுக்க வேண்டும். ஏற்றுவது மட்டும் தானியங்கி, சுடுவது கையின் வேலை. அதனால்தான் அரை.

இந்த ஏற்பாட்டை ஷாட்கன்னில் முதலில் வெற்றியாக்கியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங். 1900-இல் காப்புரிமை பெற்ற அவருடைய வடிவம் பின்னர் ஆட்டோ-5 என்ற பெயரில் புகழ்பெற்றது. அதுவரை அவருடைய வடிவங்களை வாங்கிவந்த வின்செஸ்டர் நிறுவனத்தோடு உரிமைத்தொகைப் பேச்சு முறிந்தது. ரெமிங்டன் நிறுவனத்தின் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைச் சந்திக்கப் போனார் பிரௌனிங். 1902 ஜனவரியில் குறித்த அந்த நாளிலேயே ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துபோனார். பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியம் போனார். அங்கிருந்த எஃப்.என். ஆலை அவருடைய துப்பாக்கியைத் தயாரித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அந்தத் துப்பாக்கி உற்பத்தியில் இருந்தது.

அரைத்தானியங்கி இயங்கும் முறைகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது, ஆட்டோ-5 இயங்கும் பின்னுதை முறை. சுட்டதும் குழலும் பூட்டும் ஒன்றாகவே பின்னால் ஓடி, பிறகு தனித்தனியே முன்னால் வரும். குழலின் அடியிலுள்ள தோட்டா அறையின் குழாயைச் சுற்றி உராய்வு வளையங்கள் இருக்கும். வலுவான தோட்டாவுக்கு ஒரு விதமாகவும் மெல்லிய தோட்டாவுக்கு வேறு விதமாகவும் அவற்றை மாற்றி அடுக்க வேண்டும். மெல்லியதற்கு அடுக்கியிருந்த வளையத்தோடு வலுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் அளவு மீறி மோதும். முன்பிடி மரம் விரிசல் விடும். பழைய ஆட்டோ-5 ஒன்றை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த முன்பிடி மரத்தைத்தான்.

இரண்டாவது, வாயு முறை. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 இதைப் பரவலாக்கியது. குழலின் அடியில் சிறு துளைகள் இருக்கும். வெடிவாயுவின் ஒரு பகுதி அவற்றின் வழியே இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன் பூட்டைப் பின்னால் தள்ளும். தோளுக்கு வரும் உதையை இது நேரத்தில் நீட்டிவிடுகிறது. ஒரே அடியாக விழ வேண்டியது ஒரு தள்ளலாக வந்து சேர்கிறது. நன்மை பெரிது. ஆனால் வாயுவோடு கரியும் இறங்குகிறது. பிஸ்டனைத் துடைக்காமல் விட்டால் ஒரு நாள் துப்பாக்கி பாதி வழியில் நின்றுவிடும்.

மூன்றாவது, நிலைம முறை. இத்தாலியின் உர்பினோவில் 1967-இல் தொடங்கிய பெனெல்லி நிறுவனத்தின் பெயரோடு இது இணைந்திருக்கிறது. சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் நகர்கிறது. கனமான பூட்டு மட்டும் ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்வது எந்த விதியாலோ, அதே விதி. அந்த இடைவெளியில் ஒரு வலுத்த சுருள் அமுங்கி, மறு கணம் விரிந்து பூட்டை இயக்குகிறது. வாயு உள்ளே இறங்குவதில்லை. ஆகவே கரியும் குறைவு, எடையும் குறைவு. ஆனால் உதை தோளுக்கு நேரடியாக வரும். மிக மெல்லிய தோட்டாக்களில் சில நிலைமத் துப்பாக்கிகள் திணறும். கையில் தளர்ந்த பிடியோ, துப்பாக்கியில் கூட்டிக் கட்டிய பாரமோ இருந்தாலும் திணறும்.

மூன்றில் எது உயர்ந்தது? அப்படிக் கேட்பதே பிழை. யாருக்கு, எதற்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை வரும். ஒரு நாளில் நூறு, இருநூறு தோட்டா சுடுபவருக்கு வாயு முறை தோளைக் காக்கும். நாள் முழுக்கத் தூக்கி நடந்து சில தோட்டா மட்டும் சுடுபவருக்கு நிலைம முறை கையைக் காக்கும்.

இனிச் சட்டம். துப்பாக்கியைத் தேர்வதற்கு முன் நாட்டைப் பார்க்க வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இந்தியாவில் இதை ஆள்கின்றன. அரைத்தானியங்கிச் சுடுகருவிகளைப் பொதுவாகத் தடைக்குட்பட்ட வகையில் அந்த விதிகள் வைத்திருக்கின்றன. 20 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ஷாட்கன்னும் அந்த வகையே. சாதாரண உரிமம் வைத்திருக்கும் குடிமகனுக்குக் கிடைப்பவை ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், கையால் இழுத்து ஏற்றும் பம்ப் ஆக்ஷன் ஆகியவை. இஷாப்பூர் துப்பாக்கி ஆலை 12 போர் பம்ப் ஆக்ஷன் செய்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டு. உரிமக் காலம் ஐந்து ஆண்டு. விளையாட்டு வீரர்களுக்கான விலக்குகள் தனி அறிவிக்கைகளால் வருகின்றன. அவற்றை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே விலைப் பேச்சு.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் போட்டி விதிகள் 12 போருக்கு மேற்படாத அரைத்தானியங்கி ஷாட்கன்னை அனுமதிக்கின்றன. பம்ப் ஆக்ஷனை விலக்குகின்றன. இந்திய உரிமமோ பம்ப் ஆக்ஷனைத் தருகிறது, அரைத்தானியங்கியை மறுக்கிறது. ஒரு வாசல் திறந்த இடத்தில் மறு வாசல் மூடியிருக்கிறது.

கடல் தாண்டிய தமிழர்க்கு நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரிட்டனில் தோட்டா அறையில் இரண்டுக்கு மேல் கொள்ளாத அரைத்தானியங்கி சாதாரண ஷாட்கன் சான்றிதழில் அடங்கும்; அதற்கு மேல் கொள்வது கடுமையான பிரிவுக்குப் போய்விடும். அமெரிக்காவில் வலசைப் பறவை வேட்டைக்கு மொத்தம் மூன்று தோட்டா என்ற வரம்பு 1935 முதல் இருக்கிறது. மிகுதி இடத்தை ஒரு தக்கையால் அடைத்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் அரைத்தானியங்கிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது.

இந்தியாவில் ஷாட்கன்னுக்கு என்ன வேலை? வேட்டைக்கு அல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது. கேரளத்தில் ஒரு விதிவிலக்கு மட்டும் பேசப்படுகிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை மாநில அரசு 2022-இல் ஊராட்சி, நகராட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உத்தரவின் பேரில், உரிமம் பெற்ற துப்பாக்கியாளர் மட்டுமே சுடலாம். மற்றபடி ஷாட்கன்னின் முதன்மை இடம் விளையாட்டுத் தளம்தான்.

அந்தத் தளத்தில் இந்தியாவுக்கு நல்ல வரலாறு உண்டு. பிகானேர் மன்னர் கர்ணி சிங் 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டார். ரன்தீர் சிங் 1978-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் டபுள் டிராப்பில் வெள்ளி வென்றார். மானவ்ஜித் சிங் சந்து 2006-இல் டிராப் உலக வாகையர் ஆனார். தமிழகத்தின் பெயரும் அந்த வரிசையில் உண்டு. புதுக்கோட்டை அரச குடும்பத்தின் பிரித்விராஜ் தொண்டைமான் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஆண்கள் டிராப் அணித் தங்கத்தில் பங்கு பெற்றார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டார். விழிஞ்ஞத்தின் பக்கத்திலும் துப்பாக்கி விளையாட்டுக்கு ஓர் இடம் வந்தது: 2015-இல் கேரளம் நடத்திய 35-ஆவது தேசிய விளையாட்டுக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் ஒரு சுடுதளம் எழுந்தது.

டிராப் என்பது என்ன? பள்ளத்துக்குள்ளிருக்கும் எந்திரம் 11 சென்டிமீட்டர் அகலமுள்ள களிமண் தட்டு எனப்படும் தட்டொன்றைச் சுடுபவரிடமிருந்து விலகும் திசையில் வீசும். அது விலகி விலகி ஓடும். ஒரு நொடி அளவில் சுட வேண்டும். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை. ஸ்கீட்டில் தட்டுகள் குறுக்கே பறக்கும். சுடுபவர் எட்டு நிலைகளில் நின்று சுடுவார். தட்டு கண்ணில் படும் வரை துப்பாக்கிக் கட்டை இடுப்பருகே இருக்க வேண்டும். பட்ட பிறகே தோளுக்குப் போக வேண்டும். உலகத் தரப் போட்டியாளர்கள் பெரும்பாலும் மேல்கீழ் இரட்டைக் குழலையே தேர்கிறார்கள். ஆனால் அளவு பார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

ஆகவே இப்போது அளவுக்கு வருவோம். எதிலிருந்து தொடங்குவது? துப்பாக்கியிலிருந்தா? இல்லை, கண்ணிலிருந்து.

மனிதருக்கு வலக்கை, இடக்கை இருப்பதுபோல் முதன்மைக் கண்ணும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கச் செலவில்லை. இரு கைகளையும் நீட்டி, விரல்களால் சிறு முக்கோணத் துளை ஒன்று அமைக்க வேண்டும். இரு கண்களும் திறந்திருக்க, அதன் வழியே தொலைவிலுள்ள ஒன்றைப் பார்க்க வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பூசி 1972 முதல் நிற்கும் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் இதற்கு நல்ல குறி. பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கையில் விளக்கம் துளைக்குள் நிற்கிறதோ, அதுவே முதன்மைக் கண். அந்தக் கண் இருக்கும் பக்கத் தோளே துப்பாக்கிக்கு ஏற்ற தோள். வலக்கைக்காரருக்கு இடக்கண் முதன்மையாக இருந்தால்? ஒன்று, இடத்தோளுக்குப் பழக வேண்டும். அல்லது, கண்ணாடியின் இடப்பக்கத்தில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டி அந்தக் கண்ணின் ஆதிக்கத்தைக் குறைக்க வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் துப்பாக்கி வாங்குவது காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போன்றது.

தோள் தீர்மானமானால் அரைத்தானியங்கிக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. வெற்றுக்கூடு எந்தப் பக்கம் விழும்? பெரும்பாலானவற்றில் வலப்பக்கம். வலத்தோளில் சுடுபவருக்கு அது விலகிப் போகும். இடத்தோளில் சுடுபவருக்கோ சூடான கூடு முகத்தின் குறுக்கே பறக்கும். அவருக்காகவே இடப்பக்கம் கூடு எறியும் வடிவங்களைச் சில நிறுவனங்கள் செய்கின்றன. காப்புப் பொத்தானைப் பல வடிவங்களில் பக்கம் மாற்றிப் பொருத்தலாம். இவை இரண்டையும் கேட்காமல் இடக்கைக்காரர் பணம் கட்டக்கூடாது.

கண்ணுக்கு அடுத்தது நீளம். விசையின் முகப்பிலிருந்து கட்டையின் பின்முகத்தின் நடுவரை உள்ள தொலைவே இழுப்பு நீளம். ஆலைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 14 முதல் 14.5 அங்குலம் வரை வருகின்றன. நீளம் கூடினால் என்ன ஆகும்? தோளுக்கு ஏற்றும்போது கட்டை அக்குளில் மாட்டும். முனை தாழ்ந்து போகும். குறைந்தால்? கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். துப்பாக்கியை ஏற்றிக் கன்னம் வைத்தபின், மூக்குக்கும் பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு விரல் அளவு இடைவெளி இருந்தால் ஏறக்குறையச் சரி.

உடையும் இங்கே கணக்கில் வரும். குளிர்நாட்டார் பருத்த மேலங்கிக்கு மேல் துப்பாக்கியை வைப்பார்கள். கேரளக் கடலோரத்தில் மெல்லிய பருத்திச் சட்டைதான். உடையின் கனமே அரை அங்குலம் அளவை மாற்றிவிடும். ஆகவே போட்டியில் அணியும் உடையிலேயே அளவெடுக்க வேண்டும்.

மூன்றாவது, இறக்கம். குழலின் மேல்தளக் கோட்டிலிருந்து கன்னம் படும் மேடு எவ்வளவு கீழே இருக்கிறது? பொதுவாக ஒன்றரை அங்குலம். அதுதான் கண்ணின் உயரம். மேடு உயர்ந்தால் கண்ணும் உயரும். ரவை மேலே போகும். மேடு தாழ்ந்தால் கண் பூட்டுப் பெட்டிக்குப் பின்னால் மறையும். மறைந்த கண்ணை மீட்கச் சுடுபவர் கன்னத்தைத் தூக்குவார். தூக்கிய கன்னத்தில் உதை விழும். குறியும் போகும், கன்னமும் வீங்கும். டிராப்பில் தட்டு எழும்பிக்கொண்டே போவதால் சற்று மேலே சுடும் துப்பாக்கி உதவும். ஸ்கீட்டில் நேராகச் சுடுவது உதவும். ஆளுக்கேற்ற அளவு என்பதோடு ஆட்டத்துக்கேற்ற அளவும் சேர்ந்துகொள்கிறது.

நான்காவது, விலகல். வலத்தோளில் சுடுபவருக்குக் கட்டை சற்று வலப்புறமாகவும், இடத்தோளில் சுடுபவருக்கு இடப்புறமாகவும் வளைந்திருந்தால் கண் குழலின் மேல்தளத்தின் நடுவில் வந்து நிற்கும். அகன்ற முகமும் பரந்த தோளும் உடையவருக்கு விலகல் கூடுதலாக வேண்டும். ஐந்தாவது, சாய்வு. கட்டையின் பின்முகம் தோளில் முழுதாகப் படிய வேண்டும். கீழ்முனை மட்டும் குத்தினால் பிழை. மேல்முனை மட்டும் அழுத்தினாலும் பிழை. பெண்களுக்கு இந்தச் சாய்வு தனிக் கவனத்துக்கு உரியது. மார்புக்குக் கட்டையின் கீழ்முனை உறுத்தாதபடி சாய்வை மாற்ற வேண்டும். ஆண்களின் அளவில் செய்த துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு உதை தாங்கவில்லை என்று ஒரு பெண்ணைச் சொல்வது நியாயமா? குறை தோளில் இல்லை, கட்டையில் இருக்கிறது.

இந்த நுண்ணளவுகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? ஒரு கணக்கு போதும். கண்ணிலிருந்து குழல் முனை ஏறத்தாழ ஒரு கஜம். இலக்கு 16 கஜத்தில் இருந்தால், கண் ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு நகர்ந்தாலும் ரவை மையம் ஓர் அங்குலம் நகரும். அதாவது கட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர், இலக்கில் இரண்டரை சென்டிமீட்டர். 40 கஜத்துக்கு அந்தப் பிழை இரண்டரை மடங்கு. தட்டின் அகலமோ 11 சென்டிமீட்டர். அந்தத் தொலைவில் கட்டையின் கால் அங்குலப் பிழை என்பது தட்டையே தாண்டிய பிழை.

அளவு பொருந்தவில்லையானால் திருத்த முடியுமா? முடியும், ஆனால் முறை வேறு. இரட்டைக் குழலின் மரக்கட்டையைத் தேர்ந்த தச்சர் சூடேற்றி வளைப்பார். அரைத்தானியங்கிகள் பலவற்றில் மீள்சுருளின் குழாய் கட்டைக்குள்ளேயே ஓடுவதால் அப்படி வளைக்க இடமில்லை. அதற்குப் பதிலாகப் பூட்டுப் பெட்டிக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் செருகி இறக்கத்தையும் விலகலையும் மாற்றலாம். நல்ல நிறுவனங்கள் அந்தத் தகடுகளைப் பெட்டியிலேயே வைத்து அனுப்புகின்றன. கட்டையின் பின்னால் ரப்பர் அட்டைகளைக் கூட்டியும் குறைத்தும் நீளத்தை மாற்றலாம். ஆகவே விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டியது: தகடுகள் உண்டா? எத்தனை? மீதிப் பாதியைச் செதுக்கும் உளி அந்தத் தகடுகளே.

அடுத்து எடை. இலேசான துப்பாக்கி கடையில் இன்பம், தளத்தில் துன்பம். அதே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறும். 3.4 கிலோவிலிருந்து 2.7 கிலோவுக்கு இறங்கினால் உதை ஏறத்தாழக் கால் பங்கு கூடும். ஒரு தோட்டாவில் அது தெரியாது. நூறாவது தோட்டாவில் தெரியும். உதைக்கு அஞ்சிய உடம்பு விசையை இழுக்கும் முன்பே சுருங்கும். அந்தச் சுருக்கம் ஒரு முறை பழகிவிட்டால் மாற்றுவது கடினம். அதனால் புதியவருக்கும் சிறுவயதினருக்கும் ஏற்றது எடை குறைந்த 12 போர் அல்ல. மெல்லிய தோட்டா சுடும் வாயு முறை 20 போர்.

எடையைவிட நுட்பமானது சமநிலை. அரைத்தானியங்கியில் தோட்டா அறை குழலின் அடியில் இருப்பதால் பாரம் முன்னால் சாயும். ஓடும் தட்டைத் தொடர்ந்து வீசுவதற்கு முன்பாரம் ஓரளவு உதவும். அளவு மீறினால் முன்கை சோரும். குழலின் நீளத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அரைத்தானியங்கியின் பூட்டுப் பெட்டி இரட்டைக் குழலைவிட மூன்று நான்கு அங்குலம் நீளமானது. ஆகவே 28 அங்குலக் குழல் உள்ள அரைத்தானியங்கி, 30 அங்குலத்துக்கும் மேற்பட்ட குழலுள்ள இரட்டைக் குழலின் மொத்த நீளத்துக்கு வந்துவிடும். உயரம் குறைந்தவர் 30 அங்குலம் என்ற பெருமைக்காக நீண்டதை வாங்கினால், திரும்பும்போதெல்லாம் துப்பாக்கி அவரை இழுத்துக்கொண்டு போகும்.

குழல் முனையில் திருகிப் பொருத்தும் சோக் ரவைக் கூட்டத்தின் விரிவை ஆளும். நெருக்கம் மிகுந்தால் கூட்டம் குறுகும், தொலைவுக்கு உதவும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு ரவை விழுகிறது என்பதே அளவுகோல். நெருக்கமே இல்லாத குழலில் ஏறத்தாழ 40, முழு நெருக்கத்தில் 70. ஸ்கீட்டுக்கு விரிந்தது, டிராப்புக்குக் குறுகியது. இரட்டைக் குழலில் இரண்டு குழலுக்கும் இரண்டு சோக். அரைத்தானியங்கியிலோ முதல் தோட்டாவுக்கும் இரண்டாவதுக்கும் ஒரே சோக்தான். டிராப்பில் இரண்டாவது தோட்டா வெடிக்கும்போது தட்டு இன்னும் தொலைவில் இருக்கும். மேல்கீழ்க் குழலைப் போட்டியாளர்கள் விரும்பும் காரணங்களுள் இது ஒன்று.

தோட்டாவும் பொருத்தத்தில் அடங்கும். போட்டி விதியின் உச்சம் 24 கிராம். பல அரைத்தானியங்கிகள் அதைவிட வலுத்த வேட்டைத் தோட்டாவுக்காக வடிவமைத்தவை. 24 கிராமில் கூடு பாதியில் மாட்டக்கூடும். ஆகவே எந்தத் தோட்டாவைச் சுடப் போகிறாரோ, அதே தோட்டாவில் ஒரு பெட்டி சுட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இனிக் கடல். விழிஞ்ஞத்தில் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்பது படகின் ஆணி வரை தெரிந்த செய்தி. அரைத்தானியங்கியில் அசையும் உறுப்புகள் மிகுதி. துருவுக்கு இடமும் மிகுதி. குழலின் உட்புறம் குரோம் பூசியதா, வெளியே துருக்காப்புப் பூச்சு உண்டா என்று பார்க்க வேண்டும். சுட்ட அன்றே துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தாலும் கேடு. மணலும் கரியும் அதில் ஒட்டும். நுரைப்பஞ்சு உறைக்குள் மழைக்காலம் முழுதும் மூடி வைப்பது துருவுக்கு விருந்து வைப்பதுதான்.

காப்பு பற்றி ஒரு சொல். இரட்டைக் குழலை மடித்தால் வெறுமை தொலைவிலிருந்தே தெரியும். அரைத்தானியங்கியின் பூட்டு திறந்திருக்கிறதா என்பது அருகில் வந்தால்தான் தெரியும். ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானே குழலுக்கு ஏறிவிடும் என்பதால், கையிலிருக்கும் துப்பாக்கி எப்போதும் நிறைந்தது என்றே கொள்ள வேண்டும். பூட்டைத் திறந்து, முனையை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, குழலின் அறையில் வண்ணக் கொடி செருகி நடப்பது தள ஒழுக்கம். அந்த ஒழுக்கத்துக்கு மனம் பழகாதவருக்கு எந்த அளவிலும் எந்தத் துப்பாக்கியும் பொருந்தாது.

முடிவாக, வரிசை இது. முதலில் சட்டம், பிறகு ஆட்டம், பிறகு கண், பிறகு தோள், நீளம், இறக்கம், விலகல், சாய்வு, பிறகு எடை, குழல், தோட்டா. முத்திரையும் விலையும் கடைசி. பலர் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

கடைசிச் சோதனைக்குக் காசு வேண்டாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரு முறை உறுதி செய்ய வேண்டும். ஒரு கண்ணாடியின் முன் நின்று, கண்ணை மூடி, இயல்பாகத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முனை மணிக்குப் பின்னால், மேல்தளத்தின் நடுவில், கண்மணி தெரிகிறதா? பத்து முறை ஏற்றி ஒன்பது முறை தெரிந்தால் அந்தத் துப்பாக்கியை வாங்கலாம். கழுத்தை வளைத்தால்தான் தெரிகிறது என்றால், அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.